மஞ்சள் குடும்பம் – 6: ரப்பர் கதவு

இதுவரை:

தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். ப்ரூக்ஸைப் பார்க்க அவர் அலுவலக வரவேற்பறையில் காத்திருந்தார் மேட் கிரேனிங். பத்திரிகைகளுக்கு வரைந்துவந்த 'லைஃப் இன் ஹெல்' சித்திரத் தொடரைக் கொடுத்தால் அதன் உரிமை கைவிட்டுப் போய்விடும் என்று கடைசி நேரத்தில் பயம் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலேயே புதிதாக ஒரு குடும்பத்தை வரைந்தார். அப்பா ஹோமர், அம்மா மார்கரெட் (சுருக்கமாக மார்ஜ்), தங்கைகள் லிசா, மேகி என்று சொந்த வீட்டுப் பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்தார். தன் பெயரை மட்டும் தவிர்த்துவிட்டு, பையனுக்கு 'பார்ட்' என்று பெயரிட்டார். அடங்காப்பிடாரிப் பிள்ளையைக் குறிக்கும் 'பிராட்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றிப்போட்டால் அந்தப் பெயர் வரும்.

1987 ஏப்ரல் 19 முதல் 'ட்ரேஸி உல்மன் ஷோ'வின் நடுவே சின்னஞ்சிறு துணுக்குகளாக இந்தக் குடும்பம் தலைகாட்டியது. மொத்தம் 48 துணுக்குகள். அடுத்து ஃபாக்ஸ் நிறுவனம் 13 அரைமணிக் கதைகளுக்குச் சம்மதித்தது. கதையில் நிறுவனம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார் ப்ரூக்ஸ்.

எழுத்தாளர் அறையைக் கட்டி எழுப்பும் வேலை சாம் சைமனிடம் போனது. கதைகள் தயாராயின. குரல்கள் பதிவாயின. படங்கள் வரைவதற்காகக் கடல் கடந்து போயின.

1989இல் முதல் கதை திரும்பி வந்தது.

*

அரைமணி நேரக் கார்ட்டூன் ஒன்று அன்றைக்கு எப்படி உருவானது என்று தெரிந்தால்தான் அந்த நாளின் பயம் புரியும்.

முதலில் எழுத்து. பிறகு குரல். வழக்கமான கார்ட்டூன்களில் ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாக வந்து தன் வசனத்தைப் பேசிவிட்டுப் போவார்கள். சைமன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரையும் ஒரே அறையில் நிற்கவைத்து, வானொலி நாடகம் போலப் பதிவு செய்யவைத்தார். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுப் பதில் சொன்னால்தான் அது குடும்பமாக ஒலிக்கும் என்பது அவர் எண்ணம்.

குரலுக்கு ஏற்ப ஸ்டோரிபோர்டும் முக்கியமான படங்களும் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த 'க்ளாஸ்கி சூபோ' நிறுவனத்தில் வரையப்பட்டன. அவற்றுக்கு இடைப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களை வரைந்து, வண்ணம் தீட்டி, ஒவ்வொன்றாகப் படம்பிடிக்கும் வேலை தென்கொரியாவில் இருந்த 'ஏகாம்' நிறுவனத்தில் நடந்தது.

எழுதி முடித்த கதை திரையில் ஓடுவதைப் பார்க்கப் பல மாதங்கள் ஆகும். நடுவில் எட்டிப் பார்க்க வழியில்லை. விதைத்தவன் பாட்டுக்கு விதைத்துவிட்டு, வந்தபின்தான் விளைச்சலைப் பார்க்க முடியும்.

முதலில் விதைத்தது 'சம் என்சான்டட் ஈவ்னிங்' என்ற கதை. எழுதியவர்கள் கிரேனிங்கும் சைமனும். இயக்கியவர் கென்ட் பட்டர்வர்த். கதை எளிமையானது. மணவாழ்க்கை சலித்துப்போன மார்ஜ், வானொலியில் பேசும் மனநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துத் தன் குறையைக் கொட்டுகிறாள். அதைக் கேட்டுவிட்ட ஹோமர் பதறிப்போய் அவளை வெளியே அழைத்துப் போகிறான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணோ, தொலைக்காட்சியில் தேடப்படும் கொள்ளைக்காரி.

கணவன், மனைவி, கசப்பு, சமாதானம். கொஞ்சம் திகில். காகிதத்தில் நன்றாகவே இருந்தது.

திரையில்?

*

ஒரு கதவு சாத்தப்படுகிறது.

மரக்கதவைப் படீரென்று அறைந்தால் என்ன ஆகும்? சத்தம் வரும், சட்டம் அதிரும். அந்தக் கதவு அப்படிச் செய்யவில்லை. அறைந்த வேகத்தில் ரப்பரைப் போல வளைந்து துள்ளியது.

அந்த வீட்டில் வாழும் மனிதர்களும் அப்படியே. உடம்பு நெளிந்தது, முகம் நெகிழ்ந்தது. எதற்கும் எடை இல்லை.

பார்த்த தயாரிப்பாளர்கள் ஆடிப்போனார்கள். அங்கே இங்கே ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் நிலையில் அது இல்லை. ஏறத்தாழ 70 சதவீதத்தை மறுபடி செய்தாக வேண்டும் என்று முடிவானது.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அடுத்த கதையும் ஏற்கெனவே கடல் கடந்து போயிருந்தது. அதுவும் இதே மாதிரி வந்தால் தொடரையே கைவிட்டுவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போனார்கள்.

ஒரு கதவு வளைந்ததற்கா இத்தனை கலவரம்?

*

கதவை வளைத்தவர்கள் தவறு செய்யவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவர்கள் படித்த பாடம் அது.

அமெரிக்கக் கார்ட்டூனுக்கு அன்று தெரிந்திருந்த பாதைகள் சிலவே. டிஸ்னி ஒரு பாதை, வார்னர் பிரதர்ஸ் ஒரு பாதை. இரண்டிலும் உலகம் வளையும், நீளும், நசுங்கும், மறுநொடி பழைய உருவத்துக்கு வந்துவிடும். மலையுச்சியிலிருந்து விழும் ஓநாய் ஒரு புழுதிப் புள்ளியாகும். அடுத்த காட்சியில் புதுத் திட்டத்தோடு நிற்கும். அந்தச் சிரிப்பின் உயிரே, யாருக்கும் எதுவும் ஆகாது என்ற நிம்மதியில் இருந்தது.

மூன்றாவது பாதை ஹன்னா–பார்பெரா. 1960 செப்டம்பர் 30 அன்று ஏபிசியில் தொடங்கிய 'தி ஃபிளின்ஸ்டோன்ஸ்', மாலை நேரத்தில் பெரியவர்களும் பார்த்த கார்ட்டூன் குடும்பம். அதற்கு முன்மாதிரி 'தி ஹனிமூனர்ஸ்' என்ற மனிதர்கள் நடித்த நகைச்சுவைத் தொடர். கற்கால வீடு, கற்கால கார், நகரத்துத் தம்பதிச் சண்டை. பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலியும் உண்டு. எங்கே சிரிக்க வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே எடுத்துக்கொடுத்தது.

ப்ரூக்ஸும் சைமனும் இந்த மூன்று பாதையிலும் வந்தவர்கள் இல்லை. 'மேரி டைலர் மூர் ஷோ'வை உருவாக்கியவர்களில் ஒருவர் ப்ரூக்ஸ். 'டாக்ஸி' தொடரில் இருவருமே வேலை செய்தவர்கள். சம்பளம் போதாதவர்கள், காதலில் தோற்றவர்கள், மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர்கள் என்று அந்தத் தொடர்களில் இருந்த எல்லோருக்கும் ஏதாவது ஒன்று வலித்துக்கொண்டே இருந்தது. அந்த வலியின் விளிம்பிலிருந்துதான் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சரக்கைத்தான் அவர்கள் கார்ட்டூனுக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள்.

வளையும் கதவு அதற்கு எமன். கதவே வலிக்காமல் வளைகிறது என்றால் அதை அறைந்துவிட்டுப் போகும் மார்ஜின் கோபத்துக்கு என்ன மதிப்பு? மலையிலிருந்து விழுந்தவனுக்கே ஒன்றும் ஆகாத உலகத்தில், மனைவி விட்டுப் போய்விடுவாளோ என்று ஹோமர் பதறுவதை யார் நம்புவார்கள்?

ஆக, ஒரு சட்டம் எழுந்தது. நிஜ உலகத்தில் நடக்க முடியாதது இந்தக் குடும்பத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பொருள்களுக்கும் நடக்கக் கூடாது. தலைமுடி நீல நிறத்தில் கோபுரமாக நிற்கலாம். தோல் மஞ்சளாக இருக்கலாம். ஆனால் கதவு மரம்தான். விழுந்தால் அடிபடும்.

பின்னாளில் அவர்களே இந்தச் சட்டத்தைப் பலமுறை மீறினார்கள். ஆனால் மீறுவதில் ருசி இருக்க வேண்டுமானால், முதலில் சட்டம் என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

*

எல்லோரும் இரண்டாவது கதைக்காகக் காத்திருந்தார்கள்.

'பார்ட் த ஜீனியஸ்'. எழுதியவர் ஜான் விட்டி. இயக்கியவர் டேவிட் சில்வர்மன். உல்மன் ஷோ காலத்திலிருந்தே இந்தக் குடும்பத்தை வரைந்துவந்தவர் அவர். கிரேனிங்கின் கரடுமுரடான கோடுகளைக் கையால் பழகி அறிந்தவர்.

பெட்டி வந்தது. படம் ஓடியது.

பிழைகள் இருந்தன. ஆனால் சுலபமாகத் திருத்தக்கூடிய பிழைகள். கதவு கதவாக இருந்தது. தொடர் பிழைத்தது.

பிழைத்தது என்பதைவிட, தான் என்ன செய்ய முடியும் என்பதை அந்தக் கதையில்தான் அது கண்டுகொண்டது என்று சொல்லலாம்.

அறிவுத்திறன் தேர்வில் பார்ட் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு ரயில்கள், வேகம், தூரம், ஏறியவர், இறங்கியவர் என்று அவன் முன் ஒரு கணக்கு. கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்க்கிறான். ரயில் ஓடுகிறது. எண்கள் மொய்க்கின்றன. ஒவ்வொரு காட்சித்துண்டையும் முந்தையதைவிடச் சரியாக ஒரே ஒரு ஃபிரேம் குறைவாக வெட்டினார் சில்வர்மன். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அதில் ஒன்று குறைவது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் மூச்சுக்குத் தெரியும். பார்க்கிறவருக்கும் நெஞ்சு படபடக்கத் தொடங்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கணக்குப் புரியாத பிள்ளை, கார்ட்டூனுக்குப் பழைய நகைச்சுவைப் பொருள். மண்டைக்கு மேலே ஒரு கேள்விக்குறி போட்டால் வேலை முடிந்திருக்கும். சில்வர்மன் அந்தப் பையனின் பயத்துக்குள்ளே நம்மை உட்காரவைத்தார். வெளியே நின்று சிரிக்க வந்தவர்கள், உள்ளே மாட்டிக்கொண்டு சிரிக்க வேண்டியதாயிற்று.

*

இன்னொரு சிக்கல் காசும் நேரமும்.

ஒவ்வொரு வாரமும் இத்தனை நிமிடத்தைப் புதிதாக வரைவது கையைக் கடிக்கும். தொடக்கப் பாடல் காட்சியை நீளமாக வைத்துக்கொண்டால், வாராவாரம் அந்த அளவுக்கு வரைகிற வேலை மிச்சம். அதனால்தான் மேகத்தைப் பிளந்துகொண்டு நகரத்துக்குள் இறங்கும் அந்தக் காட்சி நீண்டது. பார்ட் வகுப்பிலிருந்து, ஹோமர் அணுமின் நிலையத்திலிருந்து, மார்ஜும் மேகியும் கடையிலிருந்து, லிசா இசை வகுப்பிலிருந்து என்று எல்லோரும் வீட்டை நோக்கி ஓடுகிறார்கள். பின்னணியில் டேனி எல்ஃப்மனின் இசை.

ஆனால் ஒரே காட்சியை வாராவாரம் போட்டால் பார்ப்பவர்கள் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்களா? அதற்குக் கைமாறாக கிரேனிங் இரண்டு இடங்களை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒன்று, தண்டனையாகப் பார்ட் கரும்பலகையில் எழுதும் வாசகம். இரண்டு, எல்லோரும் வந்து சோபாவில் விழும்போது நடக்கும் வேடிக்கை.

'பார்ட் த ஜீனியஸ்'தான் இரண்டும் வந்த முதல் கதை. சாக்பீஸை வீணாக்க மாட்டேன் என்று சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே எழுதினான் பையன். சோபாவில் ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார, பிதுங்கிய பார்ட் மேலே எகிறிப் போனான்.

சிக்கனத்துக்காகப் போட்ட திட்டம் சடங்காயிற்று. எது மாறாது என்று தெரியும். எது மாறும் என்றும் தெரியும். இந்த வாரம் எப்படி மாறப்போகிறது என்பது மட்டும் தெரியாது. அந்தச் சின்ன ஆவலுக்காகவே பிந்தி வராமல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவர்கள் உண்டு.

*

கெட்டுப்போன கதையைச் சரிசெய்ய மாதங்கள் தேவை. 1989 இலையுதிர் காலத்தில் தொடங்குவதாக இருந்த தொடரைத் தள்ளிவைக்க ஃபாக்ஸைச் சம்மதிக்கவைத்தார்கள்.

அப்படியானால் எதை முதலில் காட்டுவது?

கைவசம் ஒரு கிறிஸ்துமஸ் கதை இருந்தது. மிமி பாண்ட் எழுதியது, சில்வர்மன் இயக்கியது. 1989 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பானது.

தற்செயலாக முதலிடத்துக்கு வந்த அந்தக் கதைதான், இந்தக் குடும்பம் யார் என்று உலகத்துக்குச் சொன்னது. திட்டமிட்டுத் தேடியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமான அறிமுகம் கிடைத்திருக்காது.

ஹோமருக்கு இந்த ஆண்டு போனஸ் இல்லை. சேர்த்துவைத்த பணமோ, பார்ட் குத்திக்கொண்ட பச்சையை அழிக்கவே போய்விட்டது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. கடைவளாகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடும் வேலைக்கு ரகசியமாகப் போகிறான். பயிற்சிக்கு, உடைக்கு, தாடி வாடகைக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடித்தம் போக, கையில் வருவது 13 டாலர்.

தாடி வாடகை என்ற இடத்தில் சிரிக்காதவர் இருக்க முடியாது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்த எவருக்கும் அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருக்கும்.

கடைசி நம்பிக்கை நாய்ப் பந்தயம். அப்பனுக்குத் துணிவில்லை. பையன்தான் தேற்றுகிறான். கிறிஸ்துமஸ் அன்று ஏழைப் பிள்ளைகளுக்கு அதிசயம் நடக்கும். தொலைக்காட்சியில் எல்லாக் கதையிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நமக்கும் நடக்கும்.

13 டாலரையும் ஒரு நாயின் மேல் கட்டுகிறார்கள். நாய் ஓடுகிறது.

கடைசியாக வருகிறது.

நம்பவே முடியவில்லை, தொலைக்காட்சியே என்னை ஏமாற்றிவிட்டது என்கிற பொருளில் பார்ட் முணுமுணுக்கிறான்.

இதைச் சொல்பவன் தொலைக்காட்சிக்குள் இருக்கும் ஒரு பாத்திரம். ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புக் கதைக்குள் இருந்துகொண்டே, கிறிஸ்துமஸ் சிறப்புக் கதைகள் சொல்லிவந்த பொய்யைப் போட்டு உடைக்கிறான். அதற்குப் பிறகு இந்தத் தொடரில் வந்த ஆயிரம் கிண்டல்களுக்கும் வேர் இந்த ஒற்றை வசனத்தில் இருக்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தோற்ற நாயை அதன் சொந்தக்காரன் விரட்டுகிறான். அது வந்து ஹோமர் மேல் தாவுகிறது. பரிசாக வீட்டுக்குப் போவது அந்த நாய்தான்.

அதிசயம் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக, நடந்த தோல்வியையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பச்சையில் தொடங்கி நாயில் முடிகிற இந்தப் பாதையையும் கவனிக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பார்த்தவர் கடைசி ஐந்து நிமிடத்தை ஊகிக்க முடியாது. ஒரு கதை போலத் தொடங்கி வேறொரு கதையில் கொண்டுபோய் நிறுத்தும் இந்த உத்தி, பிறகு இந்தத் தொடரின் கையெழுத்தாகவே ஆனது.

*

அந்த 13 கதைகள் நெடுகிலும் பின்னணியில் ஒரு சிரிப்பொலி இல்லை.

இது சின்ன விஷயம் போலத் தோன்றும். பதிவு செய்த சிரிப்பு வந்தால், அது அடங்கும்வரை நடிகர்கள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி இங்கே இல்லை. ஒரு நகைச்சுவை முடியும் முன் அடுத்தது பின்னணியில் ஒரு கடைப் பலகையில் எழுதியிருக்கும். அதைக் காணத் தவறியவர்கள் வீடியோ கேசட்டில் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள்.

சிரிப்பொலி இல்லாததால் கிடைத்த இன்னொரு லாபம் மௌனம். 1990 பிப்ரவரி 11 அன்று வந்த 'மோனிங் லிசா'வை எழுதியவர்கள் ஆல் ஜீனும் மைக் ரைஸும். எட்டு வயது லிசா சோகமாக இருக்கிறாள். காரணம் இல்லை. சிரித்த முகமாக இரு, எல்லோருக்கும் பிடிக்கும் என்று மார்ஜ் சொல்லி அனுப்புகிறாள். பள்ளி வாசலில் அந்தப் பொய்ச் சிரிப்பைப் பிறர் பயன்படுத்திக்கொள்வதைக் காரிலிருந்து பார்க்கிறாள். வண்டியைத் திருப்பி வந்து மகளை ஏற்றிக்கொள்கிறாள். சோகமாக இருக்க வேண்டுமா, இரு. நாங்கள் பக்கத்தில் இருக்கிறோம்.

அதைக் கேட்டதும்தான் லிசாவுக்கு உண்மையான சிரிப்பு வருகிறது. ரப்பர் உலகத்தில் இந்தக் காட்சியை வரைந்திருக்கவே முடியாது.

*

1990 மே 13. அந்தப் பருவத்தின் கடைசிக் கதை ஒளிபரப்பானது.

'சம் என்சான்டட் ஈவ்னிங்'.

முதலில் எழுதி, முதலில் வரைந்து, முதலில் தோற்ற கதை கடைசியாக வந்தது. மறுபடி இயக்கிச் சரிசெய்த சில்வர்மனின் பெயர் பட்டர்வர்த்தின் பெயரோடு சேர்ந்து வந்தது. கூர்ந்து பார்த்தால் பழைய படங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் இன்றும் தெரியும்.

பிள்ளைகள் கொள்ளைக்காரியைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். விவரம் புரியாத ஹோமர் வந்து கட்டை அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டு, கூலியையும் கொடுத்து அனுப்பிவைக்கிறான். உண்மை தெரிந்தபின் கூனிக் குறுகிப் படுக்கையில் கிடப்பவனை மார்ஜ் தேற்றுகிறாள். அந்நியரை மடக்கிக் கட்டிப்போடத் தெரிந்த மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறோமே, எதையோ சரியாகத்தானே செய்திருக்கிறோம் என்கிறாள்.

கதவு இந்த முறை வளையவில்லை.

அதற்குள் ஃபாக்ஸ் வேறொரு கணக்குப் போட்டுவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதுகாப்பாக ஓடிக்கொண்டிருந்த இந்தக் குடும்பத்தை அடுத்த பருவத்தில் வியாழன் இரவு எட்டு மணிக்கு மாற்றுவது என்று.

வியாழன் எட்டு மணி யாருடைய நேரம் என்று அமெரிக்காவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். 1984 முதல் என்பிசியில் அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தது 'தி காஸ்பி ஷோ'. அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர், பிள்ளைகள் நல்லவர்கள், எந்தச் சண்டையும் அரைமணியில் அழகாக முடியும். நாட்டின் முன்மாதிரிக் குடும்பம் என்று பெயரெடுத்த வீடு அது.

இந்தப் பக்கம், தோற்ற நாயைப் பரிசாகக் கொண்டுவந்த வீடு.

1990 அக்டோபர் 11, வியாழக்கிழமை. புதிய பருவத்தின் முதல் கதைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் வெற்றி அல்ல. உயிரைக் கொடுத்துப் படித்தும் தேர்வில் தோற்கிற ஒரு பத்து வயதுப் பையன்.

ஒரே நேரம், ஒரே இரவு, இரண்டு குடும்பங்கள். எந்த வீட்டில் தன் வீட்டைப் பார்க்கப்போகிறது அமெரிக்கா?

(அடுத்த வாரம்)